வருஷம் திரும்புவதற்குள் ஓர் ஆட்டம்

கரியமாணிக்கத்தில் கரும்பு போடாத வீடு உண்டு, சர்க்கரை வியாதி இல்லாத வீடு கிடையாது. சாரதாவுக்கு முன்னூற்றுப் பத்து. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இது ரத்தமா, பாகா?" என்று கேட்டார். பெரிய நகைச்சுவை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சாரதா சிரிக்கவில்லை. இடது பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? வயது நாற்பத்தேழுதான் ஆகிறது.

"தினமும் அரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஏதாவது பண்ணணும்மா. இல்லன்னா இந்தக் காலை நான் நம்ப மாட்டேன்" என்றார் டாக்டர்.

வேர்க்க விறுவிறுக்கச் செய்வதற்கு முன்பெல்லாம் அவளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. இப்போது ஒன்றும் இல்லை. ஐப்பசியில் அவள் புருஷன் வைத்திலிங்கம் போய்விட்டார். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கைகால் கழுவி, குடிக்கத் தண்ணீர் கேட்டவர், அவள் சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். பெரிய மகன் விஜயராஜ் குவைத்திலிருந்து ஓடிவந்து கொள்ளிச் சட்டியைத் தூக்கினான், பதினாறாம் நாள் முடிந்ததும் திரும்பிப் போனான். சின்னவன் இளங்கோ வீட்டோடு இருக்கிறான். திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மாட்டை விற்றாயிற்று. வெளியே போகிற வேலை என்று எதுவும் சாரதாவுக்கு மிச்சம் இல்லை.

வருஷம் திரும்பாத வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் திவசம் கொடுக்கும் வரை பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, எண்ணெய்ச் சட்டி ஏறாது, டிவியில் பாட்டு வந்தால் கை தானாக ரிமோட்டைத் தேடும். அக்கம்பக்கத்தாரும் இதற்கு மரியாதை கொடுப்பார்கள். தெருவில் காதுகுத்து, கல்யாணம் என்று மைக்செட் கட்டினால், துக்க வீட்டைப் பார்த்திருக்கும் குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்பிவைப்பார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, செட்டுக்காரனே பார்த்துச் செய்வான். சத்தம் என்னவோ வரத்தான் வரும். ஆனாலும் திருப்பியாகிவிட்டது அல்லவா, அதுதான் கணக்கு.

சாரதா வீட்டுக்கு அடுத்தாற்போல் சமுதாய நலக்கூடம். கொம்யூன் பஞ்சாயத்து கட்டியது. அவள் சமையலறை ஜன்னலுக்கும் அதன் சுவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற சந்துதான். வைகாசி பிறந்ததும் அங்கே காலை ஆறு மணிக்கு ஒரு கூத்து ஆரம்பமானது. சப்சென்டருக்குப் புதிதாக வந்த நர்ஸ் அபிதா, வில்லியனூர்ப் பெண், ஊரில் சர்க்கரை உள்ள பெண்களையெல்லாம் கூட்டி உடற்பயிற்சி செய்யவைக்கப் போகிறாளாம். பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். வந்தவர்கள் முதல் நாள் ஆறு பேர், அதில் இருவர் வேடிக்கை பார்க்க.

அபிதா நேராக சாரதா வீட்டுக்கும் வந்தாள். "லிஸ்ட்லயே ஒங்களுக்குதாங்க்கா சுகர் அதிகம். நீங்க வரலன்னா எப்படி?"

"வருஷம் திரும்பலம்மா. பாட்டு போட்டு குதிக்கிற எடத்துக்கு நான் எப்படி வர்றது?"

அபிதா லிஸ்டை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வில்லியனூரிலும் வழக்கம் அதுதானே.

பாட்டுக்குப் பொறுப்பு சவுண்டு சர்வீஸ் மணவாளன். அபிதா கேட்டது ‘வேகமா ஏதாவது’ என்றுதான். அவன் தமிழ்ப் பாட்டு போட்டால் பெண்கள் வார்த்தையைக் கேட்டு வெட்கப்பட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். சாமிப் பாட்டு போட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவன் வேறொரு பென்டிரைவைச் சொருகினான். பிரான்சில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் தொண்ணூற்றாறில் லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன கேசட்டுகளில் இருந்து ஏற்றியது.

"யூரோ டான்சுக்கா. அந்த காலத்துல அங்க ஊரே இதுக்குதான் குதிச்சிதாம்" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர்வீட்டுக் கஸ்தூரியிடம் அவன் பெருமையடித்தது சந்து வழியாக சாரதாவுக்கும் கேட்டது. ஸ்பீக்கரை முறைப்படி அவள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் போட்டான்.

திருப்பிவைத்து என்ன செய்ய? அது காதுக்கு வருகிற சத்தமாக இருந்தால் சரி. இது தரைக்குள் புகுந்து வந்தது. டும் டும் டும் டும் என்று நாலு அடி, அதே வேகம், அதே கனம், போர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரே சீராக. பலகையில் கவிழ்த்துவைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. அடுப்புப் பக்கம் நின்றிருந்த சாரதா கீழே குனிந்து பார்த்தாள். குத்தினால்கூடத் தெரியாத அவளுடைய இடது பாதத்தில் அந்த அடி ஏறி முழங்காலில் வந்து நின்றது. அவள் ஒன்றும் செய்யவில்லை. குதிகால்தான் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

நம் ஊர் மேளம் வளைந்து வளைந்து வரும். கேட்பவனைச் சீண்டும், நிறுத்திவைத்து அடிக்கும், இடுப்பைத் தேடும். இந்த மேளத்துக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் இல்லை. வா, வா, வா, வா என்று கூப்பிடுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். மேலே கீபோர்டு வேகவேகமாகப் படியேறும், ஓர் ஆள் கடன்காரனைத் திட்டுவது போல் விடாமல் பேசுவான், அப்புறம் ஒரு பெண் வாயைத் திறப்பாள். அங்கேதான் சாரதா மாட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் சந்தோஷமாகப் பாடவில்லை என்பது புரிந்தது. கீழே மேளம் குதிக்கிறது, மேலே அவள் நீளமாக, நிதானமாக எதையோ இழந்துவிட்டுக் கேட்கிறாள். நடுவில் மேளம் சட்டென்று நின்றுபோய் அவள் குரல் மட்டும் தனியாகக் கிடக்கும். பிறகு மேளம் திரும்பிவரும் பாருங்கள், அந்த இடத்தில் சாரதாவுக்கு நெஞ்சுக்குழி திறந்துகொண்டது.

அன்று அவள் பின்கதவைச் சாத்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சமையலறையிலேயே குதித்தாள். ஜன்னல் வழியாக அபிதாவின் ‘கைய மேல தூக்குங்க, தூக்குங்க’ கேட்டது. தூக்கினாள். பத்தாவது நிமிஷம் மூச்சு வாங்கியது. பதினைந்தாவது நிமிஷம் அழுதுகொண்டிருந்தாள். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, வேர்வையும் கண்ணீரும் ஒன்றாகவே வழிந்துகொண்டிருந்தன.

வைத்திலிங்கம் இறந்த அன்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்தான். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும்போது அழாமல் இருக்க முடியுமா? அது முறைக்கு அழுதது. அதற்கப்புறம் ஏழு மாதம் அவளுக்குக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. வயிற்றில் ஒரு கல் கிடந்தது, அவ்வளவுதான். அதோடு சாப்பிட்டாள், அதோடு படுத்தாள்.

பாட்டு முடிந்தபோது கல் இல்லை. மறுபடியும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் அரை மணி நேரம் இல்லாமல் இருந்தது. அன்று அவள் படுத்ததும் தூங்கினாள்.

இப்படியே ஒரு மாதம். சர்க்கரை இருநூற்றிருபதுக்கு இறங்கியது. அபிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா பண்றீங்க?" என்று கேட்டாள். "வூட்டு வேலைதான்" என்றாள் சாரதா, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். நலக்கூடத்திலும் கூட்டம் ஆறிலிருந்து பத்தொன்பது ஆகியிருந்தது. முட்டிவலி என்று மூன்று வருஷமாக மணையை விட்டு எழுந்திராத கஸ்தூரி, மேளம் திரும்பிவரும் இடத்தில் ஊளையே விடுகிறாளாம்.

ஆனி கடைசியில் ஒரு நாள், கம்பெனியில் மிஷின் பழுதாகி இளங்கோவுக்கு ஷிப்ட் சீக்கிரம் முடிந்துவிட்டது. வழக்கமாக ஏழரைக்கு வருகிறவன் ஆறேகாலுக்கு வந்தான். பாட்டுச் சத்தத்தில் வண்டிச் சத்தம் சாரதாவுக்குக் கேட்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றவனுக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகுதான். செருகிய புடவை, முட்டி தெரிகிற கால், காற்றில் வீசுகிற இரண்டு கைகள். முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டிபன் பை தரையில் விழுந்த சத்தத்தில் அவள் திரும்பினாள். முந்தானையால் அவசரமாக முகத்தைத் துடைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. அழுகையைத் துடைத்துவிட்டாள், ஆட்டம்தான் மிச்சம் நின்றது.

"அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள இன்னாம்மா ஆட்டம் ஒனக்கு?"

"சக்கரைக்குடா. டாக்டரு சொன்னாரு."

"டாக்டரு குதிக்கச் சொன்னாரா? நடக்கச் சொல்லியிருப்பாரு."

அவன் சாப்பிடவில்லை. அன்று மட்டுமில்லை, அடுத்த மூன்று நாளும் வீட்டில் சாப்பிடவில்லை. அவள் எடுத்துவைத்த தட்டு எடுத்துவைத்தபடி இருந்தது. பேச்சும் நின்றது. எட்டு மாதமாக அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவர் பேசாவிட்டால் வீட்டில் யார் பேசுவது? புருஷன் போனபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அப்போது பிள்ளை பக்கத்தில் இருந்தான்.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு நலக்கூடத்தில் பாட்டு இல்லை. ‘ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு’ என்று அபிதா தொண்டை கிழியக் கத்துவது மட்டும் கேட்டது. ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் கஸ்தூரி சந்து வழியாக ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"ஒன் புள்ள மணவாளனாண்ட சொல்லிட்டாண்டி. வருஷம் திரும்பாத வூட்டாண்ட தெனைக்கும் டான்சு பாட்டு போடறீங்களே, இது ஞாயமான்னு கேட்டானாம். கேட்டா இன்னா பதில் சொல்றது? நிறுத்திட்டோம். நாங்களாவே பாத்து நிறுத்தியிருக்கணும், எங்க மேலதான் தப்பு."

"இப்ப எவ்ளோ பேரு வர்றாங்க?"

"நாலு பேரு. நாலாவது ஆளு நானு. நாளைக்கி வரமாட்டேன்."

கஸ்தூரி ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போயும் விட்டாள். சாரதாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு ஊரே சேர்ந்து அவள் மூச்சை நிறுத்திவிட்டது. யாரைக் குறை சொல்வது? எல்லாரும் நல்லவர்கள். மகன் உள்பட.

அன்று முழுவதும் அவள் ஒரு விஷயத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கத்தைத் தூக்கிய நாள். பாடைக்கு முன்னால் மேளம், அதற்கு முன்னால் பொடியன்கள், எல்லாருக்கும் முன்னால் இளங்கோ. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துச் சுழற்றி, மண்ணில் புரண்டு, எழுந்து, மறுபடி குதித்து, சுடுகாடு வரைக்கும் மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டே போனான். ‘அப்பன் மேல எவ்ளோ பாசம் பாரு’ என்று ஊர் சொன்னது. இன்றுவரை சொல்கிறது. பெண்களுக்குத் தெருமுனைதான் எல்லை. அங்கே சாரதாவை நிறுத்தி, இரண்டு பேர் கையைப் பிடித்துத் திருப்பி, தலைமுழுகக் கூட்டிவந்துவிட்டார்கள். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது மேளம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கேட்காமல் போயிற்று. அது கேட்காமல் போன இடத்தில்தான் அந்தக் கல் வந்து உட்கார்ந்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆறு மணிக்குப் பின்கதவு வழியாகப் போகாமல் தெருவாசல் வழியாகவே இறங்கி, நலக்கூடத்துக்குள் போனாள். கஸ்தூரி வராமலே விட்டுவிடவில்லை. அவளோடு மூன்று பேர், அபிதா, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மணவாளன். எல்லாரும் பேய் வந்து நிற்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"பாட்டப் போடு மணவாளா."

"யக்கா, ஒங்க வூட்ல இன்னும்..."

"எங்க வூட்டாலதான நிறுத்துனீங்க? அந்த வூட்டுக்காரி நானே வந்து சொல்றேன். போடு."

மணவாளன் வயரைப் பிரித்தான், மறுபடி சுருட்டினான். அவனும் ஊருக்குள் தொழில் பண்ண வேண்டாமா? அவன் இப்படி யோசித்து நின்றதில் நேரம் போய்விட்டது. வாசலில் வண்டி வந்து நின்றது. அன்றும் ஷிப்ட் சீக்கிரம் முடிந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்த இளங்கோ, வண்டியை விட்டு இறங்காமலே உள்ளே பார்த்தான்.

"வூட்டுக்கு வா."

அபிதாதான் முந்திக்கொண்டாள். நல்ல பெண். "தம்பி, அம்மாவுக்கு சுகர் ரொம்ப அதிகமா இருந்துது. இது மருந்து மாதிரி. மருந்துக்கு இன்னா தோஷம்?"

நல்ல சாக்கு. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், ஊர் ஒத்துக்கொள்ளும், பிள்ளையும் நாளாவட்டத்தில் ஒத்துக்கொள்வான். சாரதா அதை வேண்டாம் என்றாள்.

"சக்கரைக்கு இல்லம்மா. அன்னிக்கு அவனாண்ட பொய் சொல்லிட்டேன்." வாசலுக்கு வந்து மகனுக்கு எதிரில் நின்றாள். "ஒங்கப்பாவ தூக்கிகினு போவும்போது நீ சுடுகாடு வரைக்கும் ஆடிகினே போன. நான் பாத்தேன். இன்னாடா ஆட்டம்னு எவனாவது ஒன்ன கேட்டானா? என்ன தெருமொனைல நிக்கவெச்சி இட்டாந்துட்டாங்க. மேளம் அந்தாண்ட போயிகினே இருக்குது, நான் இந்தாண்ட நிக்கிறேன். எனக்கு யாருடா மேளம் அடிச்சா?"

கஸ்தூரி மூக்கை உறிஞ்சினாள். இளங்கோ ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசியபோது அவன் குரல் ஒடுங்கிப்போயிருந்தது.

"நான் அன்னிக்கு ஆடலம்மா. அழுவணும்னு இருந்துது. அழுவ வரல. அதான் அப்படி..."

"நானும் அதாண்டா பண்றேன்" என்றாள் சாரதா.

மணவாளன் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. மேளம் விழுந்தது. தரை அதிர்ந்தது. சாரதா பெண்கள் பக்கம் போய் நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளை மேலே தூக்கினாள். பாட்டில் அந்தப் பெண்ணின் குரல் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்திருந்த இளங்கோ தலையை ஹேண்டில்பாரில் வைத்துவிட்டான். அவன் தோள் குலுங்குவது அவள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. எட்டு மாதத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. போய் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போகவில்லை. அவன் பக்கம் திரும்பி நின்று, அவன் நிமிர்ந்தால் தன் முகம் தெரியும்படி, துடைக்காமல் ஆடினாள்.